சந்தனத் தட்டை எங்கள் பெண்களின் கையிலிருந்து வாங்குங்கள்

வேலூர் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் சாரணியர் இயக்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அணைக்கட்டு வட்டாரத்தில் சாரணியர் (கைட்ஸ்) குழு ஒன்றை நடத்தும் ஆசிரியை நான். ஆண்டு விழா, கட்டடத் திறப்பு, அதிகாரிகள் வருகை என்று எது வந்தாலும் முதலில் தேடப்படுபவர்கள் சாரணியர்தான். சீருடையும் ஸ்கார்ஃபும் அணிந்து வாசலில் இரு வரிசையாக நின்று பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, விருந்தினர் உள்ளே போனபின் வெயிலில் காத்திருக்க வேண்டும். பதிவேட்டில் அது ‘சேவை’ என்று ஏறிவிடுகிறது. இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் கூடியபோது, அழைப்பில்லாமலே சில சிறுமிகள் போய் நின்று தங்களுக்கும் இடம் கேட்டார்கள். மறு ஆண்டே பெண்களுக்கென்று அமைப்பு வந்தது. 1911-இல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் குழு தொடங்கியது. இப்படிப் பெண்கள் தாங்களே கேட்டு வாங்கிய இயக்கத்தில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகள் யாரோ சொன்ன இடத்தில் நிற்கிறார்கள்.

சாரணியர் குழுவில் ஆறு முதல் எட்டுப் பேர் வரை ஓர் அணி, அதற்கு ஒரு தலைவி. அணித்தலைவிகள் கூடும் அவையில் கேப்டன், அதாவது குழுவை நடத்தும் ஆசிரியை, ஆலோசனை சொல்லலாம், முடிவெடுப்பவர்கள் அந்தப் பெண்கள். இந்த இயக்கத்தின் உயிரே அந்த அவைதான். நான் அறிந்த பல பள்ளிகளில் அது கூடுவதே இல்லை. பிரதம சோபன், துவிதிய சோபன், திருதிய சோபன் என்று மூன்று பயிற்சி நிலைகளையும் படியேறி, ராஜ்ய புரஸ்கார் என்னும் மாநில விருதுக்கான தேர்வு முகாம்வரை வந்துவிட்ட பெண் முடிச்சுகளைக் கச்சிதமாகப் போடுகிறாள், உறுதிமொழியைப் பிசகாமல் சொல்கிறாள். உன் அணிக்குச் சமைக்க எவ்வளவு அரிசி வேண்டும் என்று கேட்டால் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறாள்.

எங்கள் ஒருநாள் முகாமுக்கான செலவுப் பணத்தை அணித்தலைவிகளிடமே கொடுத்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் கோடு போட்டு அரிசி, பருப்பு, எண்ணெய், பஸ் கட்டணம் என்று தனித்தனியாக எழுதினாள். சந்தையில் முள்ளுக் கத்திரிக்காயின் விலையைக் கேட்டதும் தோழிகளோடு ஓரமாகப் போய்ப் பேசி, தக்காளியைக் குறைத்துக் கத்திரிக்காயை வாங்கினாள். சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாலையில் மீதிச் சில்லறையை எண்ணி, கணக்கு நேராகும்வரை அவள் பஸ் ஏறவில்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கத் தயங்கும் பெண் அவள்.

வயதுக்கு வந்ததும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது வெளியூர் முகாம். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, இரவில் கூட இருக்கும் ஆசிரியை யார், நாப்கின் தீர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டால் நம்மிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். முகாம் இடத்தைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டுங்கள். பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவும் சீருடைச் செலவும் பெரிய தடை. அதைப் பள்ளியே ஏற்க வழி செய்யுங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வைக் காரணம் காட்டிப் பெயரை அடித்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் மதிப்பெண்ணைக் கெடுத்துவிடாது.

பெண்களுக்கு மருத்துவம் கற்றுத்தர 1918-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் என்ற பெண் மருத்துவர் பள்ளி திறந்த ஊர் நம் வேலூர். அந்த ஊரின் பெண்களிடம் ஒரு நாள் முகாமின் பணத்தையும் பொறுப்பையும் ஒப்படைக்க நமக்குத் தயக்கம் இருக்கக் கூடாது.

ஜூனில் பள்ளி திறந்ததும் அணித்தலைவிகள் அவையைக் கூட்டுங்கள். ஆண்டு முழுவதற்குமான திட்டத்தை அவர்களே எழுதட்டும். விழாவுக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த அவையிடம் கேளுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சாரணியர் கேப்டன்