கரணைக்குக் காசு யார் கொடுப்பது?

அன்புள்ள செல்வராசு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்ட படத்தை வீட்டில் எல்லாருக்கும் காட்டியாயிற்று. மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம்.

“ஆராய்ச்சிக்கு எதற்கு என் வரிப்பணம், லாபம் பார்க்கிற கம்பெனிக்காரன் செய்யட்டுமே” என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று இங்கே கரும்பு நடவு. ரகம் கோ 86032. கரணை, அதாவது நடுகிற கரும்புத் துண்டு, சித்தப்பா வயலில் வெட்டியது. வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும்தான் செலவு. ரகத்தை உருவாக்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்துக்கு என் கையிலிருந்து காலணா போகவில்லை.

சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. கணுவில் இருக்கும் ஒரு முளைப்பருவை வெட்டி நட்டால் அதே ரகம் முளைக்கும். ஒருமுறை வாங்கியவன் மறுபடி ஏன் கடைக்கு வரப்போகிறான்? அப்படியொரு ரகத்தை உருவாக்க எந்த முதலாளி பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பான்? 1912-இல் தொடங்கிய அந்த நிலையம், ‘வெள்ளை’க் கரும்பையும் காட்டு நாணலையும் ஒட்டுச் சேர்த்து, 1918-இல் கோ 205 ரகத்தைப் பஞ்சாபுக்குக் கொடுத்தது. இனிப்பே ஏறாத நாணலோடு சம்பந்தம் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பருத்தி வேறு கதை. காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்து 2002-இல் வந்த பி.டி. பருத்தி இங்கே வீரிய ஒட்டு விதையாகத்தான் விற்றது. எடுத்து வைத்த விதை அடுத்த வருஷம் ஒரே சீராக வராது. கடைக்குப் போயே ஆகவேண்டும். கம்பெனிப் பணம் அங்கே பாய்ந்ததில் என்ன ஆச்சரியம்? ஆரம்பத்தில் காய்ப்புழுவை அடக்கியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீரிய ஒட்டுப் பருத்தியை முதலில் சாகுபடிக்குக் கொண்டுவந்தது, 1970-இல், சூரத்தில் இருந்த அரசு ஆராய்ச்சி நிலையம். ரோடு போட்டவன் ஒருவன், சுங்கச்சாவடி வைத்தவன் வேறொருவன்.

அரசு நிலையம் என்றால் எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். உத்தரப்பிரதேசத்தில் பெரும்பகுதிக் கரும்பு கோ 0238 என்ற ஒரே ரகமாகிப்போய், இப்போது செவ்வழுகல் நோயில் தவிக்கிறார்கள். அதுவும் இதே நிறுவனத்தின் பிள்ளைதான். மாற்று ரகம் தேடும் வேலையும் பெரும்பாலும் அரசு நிலையங்களின் தலையில்தான்.

2023-இல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தபோது ஆராய்ச்சிக்கு ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியேயிருந்து வருமாம். வரட்டும். வந்தாலும் கரணைப் பக்கம் திரும்புமா என்பதுதான் என் சந்தேகம்.

மாசியில் வருகிறாய் அல்லவா? போன முறை கொடுத்த முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, இரண்டு புட்டியாகவே கொண்டு வா.

உன்,
கோவிந்தன்