இந்த விடுமுறைக்கு வீட்டுப்பாடம் கிடையாது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை, அரையாண்டு விடுமுறைக்கு இம்முறை எழுத்து வேலை எதுவும் தரவில்லை. "வீட்டில் இருந்தால் செல்போனைத்தான் பார்ப்பான், நாலு பக்கமாவது கொடுங்கள் டீச்சர்" என்று இரண்டு மூன்று தாய்மார்கள் வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தவற்றை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ‘கைவினைப் பொருள் ஒன்று செய்துவரவும்’ என்று டைரியில் எழுதி அனுப்பினோம். வந்து சேர்ந்தவை தெர்மாகோல் கலங்கரை விளக்கங்கள். ஒரு கோணல் கிடையாது, ஒரு பசைக்கறை கிடையாது. ஒரு பையனிடம், "இதில் நீ என்னடா செய்தாய்?" என்றேன். "அப்பா ஒட்டும்போது டார்ச் பிடித்தேன் மிஸ்" என்றான். விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் ஏலத்துக்குப் போக வேண்டிய மனிதரை இரவெல்லாம் விழிக்கவைத்த பாவம் எங்களுடையது.

ஐந்து வயதில் பென்சில் பிடிப்பது பெரிய வேலை. பிசைந்து, உருட்டி, கிள்ளி, பிழிந்து விரல்களுக்கு வலு ஏறிய பிறகுதான் கோடு நேராக வரும். விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசித் தட்டில் ‘அ’ எழுதவைத்த வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தத் தட்டை அன்றோடு ஏன் எடுத்துவைத்துவிட்டோம்? ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பிக் கொடுங்கள். எழுதுவார்கள், அழிப்பார்கள், லாரி ஓட்டுவார்கள். ஓட்டட்டும்.

மழை விடாத நாளுக்கு மாவு இருக்கிறது. மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், எண்ணெய் ஒரு ஸ்பூன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். பிசைவதையும் பிள்ளையிடமே விடுங்கள், பாதிப் பலன் அதில்தான். நம் பிள்ளைகள் வஞ்சிரம் செய்வார்கள், நண்டு செய்வார்கள். நூலாகத் திரித்து ‘அத்தோ ஒரு பிளேட்’ என்று பர்மா நூடுல்ஸ் கடையும் போடுவார்கள். உப்பு அதிகம், மாவும் பச்சை என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது மஞ்சள் விளையாட்டு. வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசிக் காயவிடுங்கள். சோப்புத் தண்ணீரைத் தொட்டு அதில் விரலால் கோடு போட்டால் சிவப்பாக மாறும்; அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடியும் மஞ்சளாகும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான், அங்கே சுண்ணாம்பு சேர்கிறது. ஆனால் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பைத் தர வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. கறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சீருடையைக் கழற்றிவிட்டு உட்காரவையுங்கள்.

"ஒரே அறை வீடு, எங்கே போய் இதையெல்லாம் செய்வது?" என்பீர்கள். பழைய செய்தித்தாள் ஒன்றை விரிக்கும் இடம் போதும். மழை இல்லாத காலையில் வாசல் இருக்கவே இருக்கிறது. மார்கழிக் கோலத்தில் ஒரு மூலையைப் பிள்ளைக்கு ஒதுக்குங்கள். புள்ளி தப்பினால் திருத்தாதீர்கள். கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் வீடுகளில் ஈர்க்குச்சியும் வண்ணத் தாளும் கொடுத்தால் நட்சத்திரம் ஒன்று தேறும். கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி வெந்தயம் தூவினால் சில நாளில் குடிலுக்குப் பச்சையும் கிடைத்துவிடும். போகிக்கு மேளம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காலி டின்னின் வாயில் நாலைந்து தாள்களை மைதாப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நன்றாகக் காயவிட்டால் ஓரளவு முழங்கும். தெருவில் டயர் எரிப்பவர்களின் அருகே மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள்; மணலி ஆலைகளின் புகை நமக்குப் போதாதா?

இனி எச்சரிக்கைகள். புளியங்கொட்டை, மணி, பட்டாணி ஆகியவற்றைத் தரும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், மூக்குக்குள் போட்டுக்கொள்ளும் வயது இது. மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் இவற்றை எடுக்கவே வேண்டாம். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்; அரை வாளித் தண்ணீரும் கைக்குழந்தைக்கு ஆபத்து, தேங்கினால் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். கிளிஞ்சல் பொறுக்கக் கற்கள் கொட்டிய கரைப்பக்கம் தனியாக அனுப்ப வேண்டாம். இந்த மாதங்களில் அலையை நம்ப முடியாது.

பள்ளி திறக்கும் அன்று எதையும் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை. கொண்டுவந்தால் வாசலில் மேசை போட்டிருப்போம். வால் உடைந்த மீனுக்கும் அதில் இடம் உண்டு. பெயரை மட்டும் பிள்ளையே எழுதட்டும், தெரிந்த எழுத்துவரை போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்