ரீசெட் பட்டனை அழுத்தும் முன்: பிராட்பேண்ட் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பிராட்பேண்ட் இணைப்பு தரும் நிறுவனத்தாருக்கு, வணக்கம்.

சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன் நான். சத்துவாச்சாரியில் ஓர் அலுவலகம், ராணிப்பேட்டை சிப்காட்டில் அவர்களுடைய தோல் கிடங்கு. இரண்டையும் விபிஎன்னில், அதாவது இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப் பாதையில், இணைக்கும் வேலை. அலுவலகத்தில் நிலையான பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய மாறாத இணைய முகவரி, உண்டு. கிடங்கிலோ உங்களில் ஒருவருடைய மோடம். விபிஎன்னை நடத்தும் ஃபயர்வால் அதற்குப் பின்னால், 192.168.1.2 என்ற உள் முகவரியில்.

முடியாத காரியமில்லை. இந்த விபிஎன் பயன்படுத்தும் ஐபிசெக் முறையில், தரவைப் பூட்டிச் சுமக்கும் இஎஸ்பி பாக்கெட்டில் போர்ட் எண்ணே கிடையாது, அதனால் உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் மோடத்தின் நேட் தடுமாறும். அதற்குத்தான் 2005 இலேயே நேட்-டி என்ற வழி பொதுத் தர விதியாக வந்தது: நடுவில் நேட் இருப்பது தெரிந்தால் எல்லாவற்றையும் யுடிபி 4500 என்ற போர்ட்டில் பொதிந்து அனுப்பிவிடும். ஆனாலும் டனல், அதாவது அந்தப் பூட்டிய பாதை, ஏறவில்லை. லாகைப் பார்த்தால், கிடங்கு ஃபயர்வால் தன் அடையாளமாக 192.168.1.2 என்கிறது, அலுவலகமோ பொது ஐபியை எதிர்பார்க்கிறது. இரு பக்கமும் அடையாளத்தை ஒரு பெயராக மாற்றினேன், ஏறிவிட்டது. இது என் தலைவலி, உங்கள் மேல் பழியில்லை.

அப்புறம் மோடத்தில் விபிஎன்னுக்கான யுடிபி 500, 4500 போர்ட்கள் இரண்டையும் ஃபயர்வாலுக்குத் திருப்பினேன், அலுவலகமும் முதலில் அழைக்கட்டும் என்று. பத்து நாள் ஓடியது. வேகம் குறைகிறதென்று வந்த உங்கள் ஆள் குண்டூசியால் ரீசெட் பட்டனை அழுத்திவிட்டுப் போனார், நான் போட்ட அமைப்பு அழிந்துவிட்டது. மறுநாள் காலை அலுவலகத்தில் ஸ்டாக் கணக்கு திறக்கவில்லை. கிடங்கில் யாராவது பில் போட்டு, அங்கிருந்து அழைப்பு போன பிறகுதான் டனல் உயிர் பெற்றது. இப்போது கிடங்கே எப்போதும் அழைக்கும்படி வைத்து, பாதை மூடிவிடாமல் காக்க 20 விநாடிக்கொரு கீப்அலைவும் போட்டிருக்கிறேன்.

காட்பாடிக்காரர் ஒருவருக்கு அந்த வழியும் இல்லை. இரண்டு முனையிலும் உங்கள் லைன், இரண்டு மோடமும் காட்டியது 100.64 என்று தொடங்கும் முகவரி. சிஜிநேட், அதாவது ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து உங்கள் பக்கமே நேட் செய்வது. அங்கே போர்ட்டைத் திருப்பி என்ன பயன்? இரு வீட்டிலும் உள்ளே தாழ்ப்பாள். கஸ்டமர் கேரில் கேட்டால், "விபிஎன் எல்லாம் நாங்க சப்போர்ட் பண்றதில்ல சார்." அவர் ஓராண்டுப் பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டார்.

பொது ஐபியா, சிஜிநேட்டா என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கேட்பவருக்கு பிரிட்ஜ் மோட், அதாவது மோடம் நேட் செய்யாமல் இணைப்பை நேரே ஃபயர்வாலுக்கு விடும் அமைப்பு, போட்டுக் கொடுங்கள். கிடங்கு மோடத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: "ரீசெட் செய்யும் முன் கூப்பிடவும்." உங்கள் ஆட்களைப் படிக்கச் சொல்லுங்கள்.