வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: கொசுறுப் பாட்டு பற்றிக் கொஞ்சம் விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டும் கேசட்டும் விற்கும் திருச்சி தெப்பக்குளத்து மாடிக்கடையிலிருந்து எழுதுகிறேன்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில், சந்தா கட்டியவர்களுக்கு அனுப்பும் இந்த மாத இசைப் பார்சலில் என்ன இருக்கிறது, எந்த இடத்தில் காதைக் கொஞ்சம் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுவேன். இந்த முறை அது இல்லை. காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விற்காத சரக்கை உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் பதிவு எனக்கே ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது. அனுப்பிய ஆறு பேரும் "இதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்று சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அதற்கு வருமுன், இசைத்தட்டு பிளேயர் ரிப்பேர் பார்க்கும் நம் மெக்கானிக் அண்ணன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியோடு அவர் வேலையிலிருந்து நின்றுகொண்டார். அப்பா காலத்திலிருந்து 31 வருடம். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு முள்ளின் நுனி சரியாகத் தெரியவில்லை, மகள் வீட்டோடு திருப்பூரில் இருந்துவிடுகிறேன் என்றார். சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுக்கு வேண்டிய முள் தடிமனானது. பின்னால் வந்த எல்பி என்ற நீண்ட நேரத் தட்டின் முள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எல்பி முள்ளை 78 தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் போய்க் கீறும். அண்ணன் முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பார்த்தே இது எத்தனை மாதம் ஓடும் என்று சொல்லிவிடுவார். அந்த நகத்தை எங்கே போய் வாங்குவது?

அவருக்குப் பதில் வந்த பையன் நல்ல பையன். ஆனால் 78 தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதை நான் அவனிடம் அழுத்திச் சொல்லத் தவறிவிட்டேன். வினைல் தட்டைத் துடைக்கிற மாதிரியே வாடிக்கையாளர் இருவரின் அரக்குத் தட்டுகளைத் துடைத்துவிட்டான். உரிய ஈட்டைக் கொடுத்துவிட்டேன், அது ஈடு ஆகாது என்பதும் தெரியும். தட்டுக்காரர்கள் இருவரும் இன்னும் கடைக்கு வருகிறார்கள். அது அவர்கள் பெருந்தன்மை.

இப்போது அந்தக் குரல் பதிவு. அதில் பல புகார்கள் இருக்கின்றன. கடையில் மின்விசிறி சத்தம், படிக்கட்டு குறுகல், நான் அதிகம் பேசுகிறேன். எல்லாம் உண்மை. ஒன்றுதான் தைத்தது. "விற்காத சரக்கையெல்லாம் அபூர்வ இசைன்னு பேர் வெச்சு மாசா மாசம் நம்ம தலையில கட்டுறாரு. குடோன்ல மூட்டை மூட்டையா வாங்கிப் போட்டிருக்காராம்."

குடோனில் வாங்கியது உண்மைதான். மறைக்க ஒன்றுமில்லை. போன ஆடி மாதம், தொழிலை விட்டுவிட்ட ஒரு கேசட் விநியோகஸ்தரிடம் மூன்று சாக்கு வாங்கினேன். சுமார் 1,100 கேசட். பெரும்பாலானவை மேலுறைகூடப் பிரிக்காதவை, 1980களில் வந்தவை. அப்போதே விற்கவில்லை, அதனால்தான் எனக்குக் கிடைத்தன. புரட்டாசிப் பார்சலில் உங்களுக்கு வந்த கிளாரினெட் கச்சேரி அந்தச் சாக்கிலிருந்து வந்ததுதான். ஆக, அந்த அன்பர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்த விளக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடை முதலில் ரெக்கார்டிங் சென்டராக இருந்தது பழைய வாடிக்கையாளர்களுக்கு நினைவிருக்கும். ஒரு துண்டுச்சீட்டில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதி, அறுபது நிமிட கேசட் ஒன்றோடு அப்பாவிடம் கொடுப்பீர்கள். இரண்டு நாளில் பதிந்து, அட்டையில் பாட்டின் முதல் வரியைப் பச்சை மையில் எழுதித் தருவார். (சட்டப்படி அது சரியா என்று அந்தக் காலத்தில் தெருவில் யாரும் கேட்டதில்லை. இன்று நான் அதைச் செய்வதில்லை. பென் டிரைவோடு வருபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதிவு வெளியாகி 60 ஆண்டு தாண்டி, பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமையும் முடிந்திருந்தால் மட்டும் பார்க்கலாம்.)

எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஒரு பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் டேப் மிஞ்சும். இன்னொரு சினிமாப் பாட்டுக்கு அது போதாது. மற்ற கடைகளில் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். அப்பாவுக்கு மனசு வராது. காய்கறிக்காரம்மா கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவதில்லையா, அப்படி அந்த மிச்ச டேப்பில் நீங்கள் கேட்காத ஒன்றைப் பதிந்துவிடுவார். பத்து அங்குல 78 தட்டு ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும், அளவாக உட்காரும். ஒரு மணி நேரம் ராகம் வாசிக்கிற நாதஸ்வர வித்வான் அதை மூன்று நிமிடத்துக்குள் மடித்துக் கொடுத்த தட்டுகள், கோட்டுவாத்தியம், ஜலதரங்கம், யாரோ ஒரு நாடக நடிகரின் ஒரே ஒரு பாட்டு. அட்டையில் அதற்கு மட்டும் பெயர் இருக்காது. 'கொசுறு' என்று எழுதியிருப்பார்.

முதலில் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. "எம் பொண்ணு கல்யாண கேசட்ல எதுக்குய்யா ஒப்பாரி?" என்று ஒருவர் கேட்டது எனக்கே நினைவிருக்கிறது. அது ஒப்பாரி இல்லை, முகாரி ராகம். ஆனால் கொஞ்ச நாளில் என்ன ஆனது என்றால், "பின்னாடி போட்டீங்களே, அது யாரு?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். பெயர் கேட்டு வந்தவர்களுக்கு அப்பா முழுத் தட்டையும் போட்டுக் காட்டுவார். கடையில் கூடி உட்கார்ந்து தட்டு கேட்கும் ஞாயிறு கேட்பு அப்படித்தான் தொடங்கியது. பார்சல் அதன் பேரன்.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டுமே. கொசுறு அந்தப் பெயரைத்தான் கொடுத்தது.

சரி, விற்காத சரக்கு. மும்பை சினிமா இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்ற கலைஞர், 1982ல் ரோலண்ட் கம்பெனியின் அப்போதைய புது மின்னணு வாத்தியப் பெட்டிகள் மூன்றை வைத்துக்கொண்டு, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எல்பி ஆக்கினார். யாரும் வாங்கவில்லை. அவர் பாட்டுக்குக் கல்யாணக் கச்சேரி வாசிக்கப் போய்விட்டார். சில வருடம் கழித்து சிகாகோவில் அதே ரோலண்ட் பெட்டிகளில் ஒன்றைத் திருகித் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு நடன இசை கிளம்பியது. உலகம் முழுக்க ஆடியது. மும்பையில் ஒருவர் ஏறக்குறைய அதே சத்தத்தை முன்பே போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. நெதர்லாந்துக்காரர் ஒருவர் அந்தத் தட்டைப் பழைய சரக்கில் கண்டெடுத்து, 2010ல் மறுபடி வெளியிட்டார். அதன் பிறகு அந்தப் பெரியவர் ஐரோப்பாவுக்குப் போய் மேடையில் வாசித்தார். 2015ல் காலமானார். அவர் தட்டு விற்காத சரக்கா, இல்லையா? 1983ல் கேட்டிருந்தால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிளாரினெட்டும் அப்படித்தான். கோயிலின் பெரிய மேளத்துக்கு நாதஸ்வரம், சதிர் என்ற பழைய நாட்டியத்துக்கு முகவீணை என்ற சின்னக் குழல். அந்த முகவீணை இருந்த இடத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது கிளாரினெட். கோயிலும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை, சபாவும் ரொம்ப நாள் யோசித்தது. நம் ஊர் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் அவர்களுக்கு சங்கீத கலாநிதி பட்டம் வந்தது 2008ல், பத்மஸ்ரீ 2022ல், தொண்ணூறு வயதில். உள்ளூரிலேயே எத்தனை பேர் அவர் வாசிப்பை ஒரு முழுக் கச்சேரி கேட்டிருக்கிறோம்? உங்களுக்கு வந்த கேசட்டில் வாசிப்பவர் வேறொருவர். நாட்டுக் குறிஞ்சி ராகம் வரும் இடத்தை மட்டும் மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் தலையில் கட்டினேன் என்று தோன்றினால் நேரில் வாருங்கள், பேசுவோம்.

அந்தச் சாக்கை எடுத்து அப்படியே பார்சல் கட்டி அனுப்பினேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பழைய கேசட்டின் உள்ளே, டேப்பை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். வருடக்கணக்கில் கிடந்தால் பசை காய்ந்து அது விழுந்துவிடும். விழுந்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஒவ்வொன்றையும் திறந்து, பஞ்சு ஒட்டி, முன்னும் பின்னும் ஒருமுறை ஓடவிட்டு, பிறகுதான் கட்டினேன். ஒன்றுக்கு இருபது நிமிடம். 1,100 கேசட்டில் தலைப்பு என்று பார்த்தால் 19தான். பத்தொன்பதையும் கேட்டேன். நான்கைத்தான் பார்சலுக்கு எடுத்தேன். மீதிப் பதினைந்தும் சாக்கிலேயே கிடக்கின்றன, யார் தலையிலும் கட்டவில்லை.

கேட்டேன் என்றேன். ஐப்பசிப் பார்சலில் போன பேண்டு வாத்திய கேசட்டை மட்டும் ஏ பக்கம்தான் கேட்டிருந்தேன். அண்ணன் கிளம்பிய வாரம் அது. பி பக்கத்தில் ஒலி மங்கியிருப்பதைக் கரூர் வாடிக்கையாளர் ஒருவர் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். அது என் தவறு.

இசைக்குச் சரக்கு என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை என்றாலும், நான் கடைக்காரன், கோபப்பட உரிமை இல்லை. எத்தியோப்பியாவில் அம்ஹா எஷெடே என்று ஒருவர் இருந்தார். அவரும் கடைக்காரர்தான், அடிஸ் அபாபாவில் இசைத்தட்டு விற்றவர். அங்கே தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த ஓர் அமைப்பிடம் மட்டுமே இருந்தது. அவர்கள் புதுப் பையன்களின் பாட்டை வெளியிடவில்லை. 1969ல் இவர் துணிந்து தானே வெளியிட ஆரம்பித்தார். முதல் தட்டுகள் அச்சானது எங்கே தெரியுமா? நம் இந்தியாவில். இங்கே அச்சாகி அங்கே போன பாட்டை, அது மறுபடி பாரிஸ் வழியாகத் தொகுப்பாக வந்த பிறகுதான் நான் கேட்டேன்.

வெளிநாட்டுத் தட்டுகள் பார்சலில் கட்டுப்படியாகாது, அதனால் ஞாயிறு கேட்பில் போடுவோம். போன மாசியில் எத்தியோப்பியாவின் 'திஸிட்டா' போட்டபோது வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏக்கம், பழைய நினைவு என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். ஒரு வகைப் பாட்டுக்கும் அதே பெயர், அது போகும் ஸ்வர வரிசைக்கும் அதே பெயர். உறையூரிலிருந்து வரும் தவில்காரர் ஐயா பாதிப் பாட்டு வரை தொடையில் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "மோகனம்தானே இது? வேற தெரு வழியா வருது" என்றார். அந்தப் பாட்டின் ஸ்வரம் பார்த்தால் மோகன ராகமேதான். வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு அந்த 'வேற தெரு' காதிலேயே இருந்தது.

அந்த ஐயா, ஸ்ரீரங்கத்து டீச்சரம்மா, மணப்பாறையிலிருந்து டூட்டி முடிந்து யூனிஃபாரத்தோடே வந்து பத்து ரூபாய்த் தாள்களாகச் சந்தா கட்டும் கண்டக்டர் தம்பி, தன் தகப்பனாரின் தட்டுப் பெட்டியை "உங்ககிட்ட இருந்தா ஓடும்" என்று விலையில்லாமல் வைத்துவிட்டுப் போன பாலக்கரை அக்கா. உங்களையெல்லாம் வைத்துத்தான் கடை நடக்கிறது. குரல் பதிவு வந்த மறுநாள் காலை கடை திறக்குமுன் படிக்கட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தீர்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதையாவது போடுங்க சார் என்றீர்கள். போட்டேன். அந்த உதவிக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை முதல் சில சின்ன மாற்றங்கள். முள் இறக்குமதி, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாமே ஏறிவிட்டதால் பார்சல் 450 ரூபாய்க்குப் பதில் 600 ஆகிறது, இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வரும். ஆண்டுச் சந்தா ஏற்கெனவே கட்டியவர்களுக்கும் மீதிப் பார்சல்கள் இதே இடைவெளியில் வந்து சேரும். ஞாயிறு கேட்பு மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும், மாலை ஐந்து மணி. டீ உண்டு.

முதல் கேட்பில் மேற்கு ஆப்பிரிக்காவின் 'கோரா'. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டித் தோல் போர்த்தி, 21 தந்தி கட்டிய வாத்தியம். நம் மேளக்காரர் வீடுகள் மாதிரி தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பங்கள் வாசித்து வருவது. மாலி நாட்டின் துமானி ஜபாத்தே வாசிப்பில் கேட்போம். வீணைக்காரர்கள் யாரேனும் வந்தால் நன்றாக இருக்கும், கட்டைவிரல் வேலையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

குரல் பதிவு போட்ட அன்பரின் பார்சலும் எப்போதும் போல வரும். நிறுத்தச் சொல்லி அவரும் எழுதவில்லை.

அன்புடன்,
மாடிக்கடை உரிமையாளர்

பி.கு.: ரிப்பேருக்குக் கொடுத்த ஒன்பது பிளேயர்கள் கடையில் இருக்கின்றன. அண்ணன் இல்லாததால் இப்போதைக்கு அவர் அளவுக்குப் பார்க்க ஆளில்லை, தை பிறப்பதற்குள் எடுத்துப் போய்விடுங்கள். பச்சை மூடி போட்டது யாருடையது என்று சீட்டு இல்லை. உள்ளே ஒரு தட்டும் இருக்கிறது, லேபிள் கிழிந்துபோன ஒரு புல்லாங்குழல். போட்டுக் கேட்டேன், மன்னிக்கவும். யார் வாசித்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.