மணியைப் பற்றி உனக்குச் சொல்லாதது

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

பொங்கலுக்கு வரும்போது ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்து இங்கே விட்டுச் செல்வதாகவும், அதற்கு முன்பணம் கொடுக்க ஆள் பார்த்துவிட்டதாகவும் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னாய். நான் உடனே சரி என்றேன். உன் அம்மா வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஒரு காவல் வேண்டாமா, அம்மா ஏன் காரணமே சொல்லாமல் மறுக்கிறாள் என்று நீ கேட்டாய். காரணம் எனக்குத் தெரியும். அன்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1994-ஆம் ஆண்டு, வெண்ணாற்றங்கரையில் யாரோ விட்டுப்போன குட்டியை மிதிவண்டியின் முன்கூடையில் வைத்து நான் கொண்டுவந்ததும், நீ அதற்கு மணி என்று பெயர் வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். உன் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அப்போது தொழுவத்தில் இரண்டு மாடுகள், படுக்கையில் உன் பாட்டி, களத்தில் புழுக்கிக் காயவைத்த நெல், இவை அனைத்தும் அவள் ஒருத்தியின் கையில் இருந்தன. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்; ஒரு மாதத்துக்குமேல் அந்தச் சொல் நிற்கவில்லை. சோறு வைத்ததும், மழைக்காலத்தில் காதோரம் ஒட்டிய உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டதும், விடியலில் கோலம் போடுமுன் வாசலைக் கழுவியதும் அவள்தான். ஊரார் அதை என் நாய் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

1998 கார்த்திகையில், நீ தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது, மணி காணாமல் போய்விட்டது என்று உனக்குக் கடிதம் எழுதினேன். தம்பி, அது பொய்.

அந்த ஆண்டு சம்பா பொதிப் பருவத்தில் நின்றபோது எலி வெட்டு தாங்க முடியவில்லை. வழக்கமாக மூங்கில் கிட்டி வைத்து எலி பிடித்துக் கொடுப்பவர் வேறு ஊருக்குப் போயிருந்தார். அதனால் நான் துத்தநாக பாஸ்பைடு வாங்கி, பொரியிலும் எண்ணெயிலும் பிசறி, பொழுது சாய்ந்த பிறகு வரப்பு நெடுகிலும் வைத்தேன். ஆட்டையும் நாயையும் கட்டிப்போடுங்கள் என்று பக்கத்து வயல்காரர்கள் எல்லோரிடமும் சொன்ன நான், என் வீட்டில் சொல்ல மறந்தேன். மறுநாள் விடியுமுன் உரம் வாங்க மன்னார்குடிக்குக் கிளம்பிவிட்டேன். இரவில் கட்டிய நாயை விடியலில் அவிழ்த்துவிடுவது உன் அம்மாவின் வழக்கம். அன்றும் அவிழ்த்துவிட்டாள்.

அந்த மருந்து வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தியும் நடுக்கமுமாகத் திரும்பி வந்த மணியைச் சாக்கில் கிடத்தி, ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி, கால்நடை மருத்துவரிடம் அவளே கொண்டுபோயிருக்கிறாள். அவர் முடிந்ததைச் செய்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது திண்ணையில் அவள் மடியில் தலை வைத்தபடி அது இறந்திருந்தது. வயலில் மருந்து வைத்தீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் இருவருமாகப் புதைத்தோம்.

அரையாண்டு விடுமுறைக்கு வந்த நீ, மூன்று நாள் ஆற்றங்கரை நெடுக மணி மணி என்று கூப்பிட்டுக்கொண்டு நீடாமங்கலம் வரை நடந்தாய். வாசற்படியில் நின்று அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அன்றிரவு என்னிடம் கெஞ்சினாள். படிக்கிற பையனின் மனம் கலங்கிவிடும் என்று சொல்லித் தடுத்தேன். உண்மையில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவிழ்த்துவிட்ட கை தன்னுடையது என்று அவளும், சொல்லாமல் விட்ட வாய் என்னுடையது என்று நானும், அதன்பின் இத்தனை ஆண்டுகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நீ தொலைபேசியை வைத்த பிறகுதான், முதல் முறையாக அவள் அருகே உட்கார்ந்து, ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டேன். அவள் மணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வருகிற குட்டியைப் பற்றித்தான் கேட்டாள். நன்றாக வளர்த்தால் அது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்குமே, அதுவரை நாம் இருப்போமா, நமக்குப் பிறகு அதற்கு யார் சோறு வைப்பார்கள் என்றாள். வேட்டைக்குப் பழகிய இனம் தினமும் ஓட வேண்டுமே, உங்கள் முழங்காலுக்கு அதனோடு வெண்ணாற்றுக் கரை வரை நடக்க முடியுமா என்றாள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம், எந்த வரப்பில் யார் என்றைக்கு மருந்து வைக்கிறார்கள் என்று இனி நமக்கு எப்படித் தெரியும், கொல்லைப்புறம் சுவர்கூட இல்லையே என்றாள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு நான் எதுவும் பேசவில்லை.

சிலவற்றுக்கு என்னிடம் விடை உண்டு. அன்றைக்கு இல்லாத கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் ஒரத்தநாட்டில் இருக்கிறது. மன்னார்குடி வழியாகப் போய்விடலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று என்பதை நான் தவறாமல் பார்த்துக்கொள்ள முடியும். கொல்லைக்கு வேலி அடைக்கலாம். ஆனால் எங்களுக்குப் பிறகு யார் என்பதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வாய் என்று யோசித்துப் பார். இனத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. யார் வாங்கினாலும், முதுகுப்புறம் கைதட்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

என் எண்ணம் இதுதான்: முன்பணம் கொடுக்காதே. குட்டியை நேரில் கொண்டுவந்து நிறுத்தினால் அம்மா மனம் இளகிவிடுவாள் என்றாய். இளகத்தான் செய்வாள், தம்பி. அவள் அப்படிப்பட்டவள் என்று தெரிந்துதான் அன்று நானும் கூடையோடு வந்து நின்றேன். அதை இன்னொரு முறை அவளுக்குச் செய்ய வேண்டாம். நாயைக் குளிப்பாட்டுவதும் நடத்திக் கூட்டிப்போவதும் என் வேலை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அவள் வேண்டும் என்றால் பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடியட்டும். காவலுக்கு வாசலில் இன்னொரு விளக்கும் கொல்லைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது குட்டியைப் பற்றிக் கேட்காதே. மணியைப் பற்றி அப்பா எழுதியிருக்கிறார் என்று மட்டும் அவளிடம் சொல்.

இதை உறையிலிடுமுன் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு முறை எழுந்துபோய், முகம் கழுவிக்கொண்டு வந்து, மேலே படியுங்கள் என்றாள். முடித்ததும் ஒரு திருத்தம் சொன்னாள்: ஒரு மாட்டுவண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், வண்டி கிடைக்கவில்லை, கோரையாற்றுப் பாலம் வரை நான் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். இது எனக்கும் இன்றுதான் தெரியும். நான் எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டு, அவள் சொன்னதை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா