மணியை அடித்தது அப்பா இல்லை

அன்பு மாப்பிள்ளை,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்குத் திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்தது. சின்னவன் கையெழுத்து அப்படியே உன்னுடையது, அதாவது எழுதிய அவனுக்கே படிக்கத் தெரிவதில்லை. தங்கச்சிக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது? பிசியோதெரப்பியைப் பாதியில் நிறுத்தினால் என்னிடம் சொல்.

விஷயம் காலிங் பெல்.

வாசலில் கேமரா வைத்த பெல் மாட்டியிருக்கிறோம் என்று போனில் சொன்னேன் அல்லவா? பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் பழைய மணியில் டிங்-டாங், கைபேசியில் வந்தவர் முகம். முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் தானாக அடிக்கத் தொடங்கியது. பகலில் ஒரு வம்பும் கிடையாது. இருட்டத் தொடங்கினால் போதும், மணி அடிக்கும். கதவைத் திறந்தால் சில நாள் யாரும் இருக்க மாட்டார்கள். சில நாள் அப்பா நிற்பார்.

அப்பா மாலை நடை முடித்துத் திரும்பும் நேரம் அது. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். "நான் எதுக்குடா மணி அடிக்கிறேன்? சாவி இருக்கு, கை இருக்கு" என்பார். யார் நம்புவது? இன்ஸ்பெக்டர் குரலில் நம் ஹாஸ்டலுக்குப் போன் போட்ட மனிதர்தானே. யாரும் இல்லாத நாட்களில்கூட, அடித்துவிட்டு மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்று சின்னவன் அடித்துச் சொன்னான். இவள் ஒரு நாள் உண்மையிலேயே போய்ப் பார்த்தாள். கடைசியில் மணி அடித்தாலும் ஒருவரும் எழுந்திருப்பதில்லை என்று ஆகிவிட்டது. "பேய் வந்திருக்கு" என்று அவரவர் வேலையைப் பார்ப்போம்.

என்னால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. இதில் இறங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உன் வீட்டிலும் இதே மாதிரி ஒன்றை மாட்டப்போவதாக எழுதியிருந்தாய்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது: பொத்தான் சிக்கிக்கொண்டிருக்கும். முகப்பு மூடியின் திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் பிளாஸ்டிக் வளைந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே ஈரம் இறங்கினாலும் தொடுமுனைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துடைத்து, திருகைக் கொஞ்சம் தளர்த்தி மாட்டினேன். அன்று சாயங்காலமும் அடித்தது.

எதிர் வீட்டுக்காரர் வேறொரு வழி சொன்னார். கம்பியில்லாத மணிகளில் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. கேட் ரிமோட், கார் ரிமோட் என்று எத்தனையோ பொருள்கள் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. மலிவான மணிகளில் பொத்தானுக்கும் மணிக்கும் இடையே உள்ள ரகசியக் குறியீடு ரொம்ப எளிமையானது. பக்கத்து வீட்டிலும் அதே குறியீடு அமைந்துவிட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த உங்கள் வீட்டில் மணி அடிக்கும். அவர் சொன்னது சரிதான், ஆனால் எங்கள் வீட்டு மணி சுவருக்குள் கம்பி ஓடுகிற பழைய ரகம். அதற்கு ரேடியோவும் தெரியாது, ரிமோட்டும் தெரியாது. நீ வாங்கப்போவது கம்பியில்லாத ரகமாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள். அப்படி அடித்தால் மணியின் நினைவை அழித்துவிட்டுப் பொத்தானோடு புதிதாக ஜோடி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம்தான் புத்தி வந்து கைபேசியில் பெல்லுக்கான ஆப்பைத் திறந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதுதான். அதில் நடந்ததெல்லாம் நேரவாரியாகப் பதிவாகியிருக்கும். யாராவது பொத்தானை அழுத்தியிருந்தால் அது ஒரு வகை, கேமரா முன்னால் ஏதாவது அசைந்திருந்தால் அது வேறு வகை. பேய் வந்த சாயங்காலங்களில் ஒன்றில்கூடப் பொத்தான் அழுத்திய பதிவே இல்லை. எல்லாம் "அசைவு". ஆக, வாசலில் யாரும் அழுத்தவில்லை, அழுத்தியதாகக் கருவியும் நினைக்கவில்லை. ஆனால் உள்ளே மணி மட்டும் அடிக்கிறது. அப்படியென்றால் கோளாறு பொத்தானில் இல்லை, கம்பியிலோ மணியிலோ கரண்டிலோ இருக்கிறது. வீட்டில் பாதி சந்தேகம் அன்றைக்கே தீர்ந்திருக்க வேண்டும். "ஆப் பொய் சொல்லுது, தாத்தாதான்" என்றான் சின்னவன்.

அப்பாதான் துப்புக் கொடுத்தார். "பொத்தானை அழுத்தினா டிங்-டாங்னு ரெண்டு சத்தம் வருது. பேய் அடிச்சா ஒத்தை டிங்தான். அதுவும் செத்த டிங். கவனிச்சியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஸ்டூல் போட்டு ஏறி மணியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே பார்த்திருக்கிறாயா? ஒரு கம்பிச் சுருள், அதன் நடுவே ஒரு சின்ன இரும்புத் தண்டு, அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் இரண்டு உலோகப் பட்டை. கரண்ட் வந்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும், ஒரு பட்டையில் பட்டு டிங். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் அதைத் திருப்பி எறியும், மறு பட்டையில் பட்டு டாங். மின்காந்தத்தை வைத்துத் தூரத்தில் இருந்த மணியை 1831-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி அடித்துக் காட்டினார். என் ஸ்டூலுக்கு எதிரே இருந்ததும் அந்தச் சங்கதியேதான், பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

இருட்டியது. கேமரா ராத்திரிப் பார்வைக்கு மாறியதும் உள்ளே அந்தத் தண்டு நடுங்க ஆரம்பித்தது. லேசான ரீங்காரம். வாசலில் ஏதோ அசைந்திருக்க வேண்டும், கைபேசி அதிர்ந்தது. அதே நொடி தண்டு முக்கால்வாசி தூரம் நகர்ந்து பட்டையை உரசியது. ஒரு செத்த டிங். டாங் வரவே இல்லை. ஸ்டூலிலிருந்து விழாமல் இறங்கியது பெரிய விஷயம்.

காரணம் இதுதான். பழைய காலத்துப் பொத்தான் வெறும் சுவிட்ச். அழுத்தும்வரை கம்பியில் கரண்டே ஓடாது. அந்த இடத்தில் நாம் மாட்டியிருப்பது கேமராவும் வைஃபையும் உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அது இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்ட் மணியின் சுருள் வழியாகத்தான் அதற்குப் போயாக வேண்டும். பகலில் அது குடிப்பது கொஞ்சம்தான், தண்டு அசையாது. இருட்டினால் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. யாராவது நடந்தால் வீடியோவைப் பதிவு செய்து வைஃபையில் அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இழுத்தால், யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்று சுருள் ஏமாந்துவிடுகிறது.

இதைத் தடுக்கத்தான் பல கம்பெனிகள் ஒரு சின்னத் துண்டைக் கூடவே தருகின்றன. மணியின் இரண்டு திருகுகளுக்கும் குறுக்கே அதை மாட்டிவிட்டால், சும்மா ஓடுகிற கரண்ட் சுருளைத் தொடாமல் அதன் வழியே போய்விடும். எங்கள் வீட்டில் அது எங்கே இருந்தது தெரியுமா? அட்டைப் பெட்டியில், பிரிக்காத பாலித்தீன் உறைக்குள். மாட்ட வந்த புண்ணியவான் "இது தேவைப்படாது சார்" என்று பரணில் போடச் சொன்னானாம். இவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு குற்றவாளி டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு மின்சாரத்தை மணிக்கு ஏற்றபடி குறைத்துத் தருகிற சின்னப் பெட்டி, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த மாதிரி பெல்கள் பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட் வரை கேட்கும். எங்களுடையது பழசு, 16 வோல்ட், 10 விஏ. பகலில் மல்டிமீட்டரில் 16 காட்டியது, இருட்டியதும் 12-க்குச் சறுக்கியது. வோல்ட் மட்டும் பார்த்து வாங்காதே மாப்பிள்ளை, விஏ என்று எழுதியிருப்பதையும் பார். எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அதுதான் சொல்லும். நாங்கள் 30 விஏ மாற்றிவிட்டோம். அதன் ஒரு பக்கம் நேராக வீட்டு மின்சாரம் என்பதால் நான் கை வைக்கவில்லை, எலக்ட்ரீஷியனை அழைத்து மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்தோம். நீயும் உன் பழைய வீரத்தைக் காட்டாதே.

பேய் போய்விட்டது. அப்பா குற்றமற்றவர் என்று சின்னவன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவர் அதைக் கண்ணாடி பீரோவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இனிமேல்தான் உனக்கு நான் எழுத வந்தது.

காரணம் தேடிய நாட்களில் அந்தச் சாயங்காலப் பதிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாதி, பூனையும் காற்றில் ஆடும் துணியும். மீதி, அப்பா. நாங்கள் உடனே கதவைத் திறந்த நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. பேய் என்று எழுந்திருக்காமல் விட்ட நாட்களில்தான் எல்லாம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். படியேறி வருகிறார். கதவருகே வந்ததும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்கிறார். தலை குனிந்திருக்கிறது, தோள்கள் ஏறி இறங்குகின்றன. அப்படியே நிற்கிறார், மாப்பிள்ளை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்கிறார், மறுபடி போட்டுக்கொள்கிறார், மறுபடி கழற்றுகிறார். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாவியை எடுத்து, கதவைத் திறந்து, "என்னடா, பேய் வந்துச்சா இன்னிக்கு?" என்று வீடே அதிரக் கேட்டுக்கொண்டு உள்ளே போகிறார். அந்தக் குரலைக் கேட்டு நாங்கள் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒரு நாள் என்றால் களைப்பு என்று விட்டுவிடலாம். வரிசையாக இருக்கிறது. பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடுவதால் எப்போது தொடங்கியது என்று பார்க்கவும் வழியில்லை. அதே படியில் போன தீபாவளிக்கு முன்னால் உன்னோடு பந்தயம் கட்டி ஏறினவர்தானே?

இவளிடம் காட்டினேன். உடனே டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று தெரியும். மூச்சு வாங்குவதை வயசு என்று விட்டுவிடக் கூடாது. இதயமாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், வெறும் ரத்தசோகையாகக்கூட இருக்கலாம், பார்த்தால்தானே தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? "நடக்கும்போது ஏதாவது சிரமமா இருக்காப்பா?" என்று பட்டும் படாமலும் கேட்டுப் பார்த்தேன். "உனக்குத்தான் இருக்கும், தொப்பையைப் பார்" என்று முடித்துவிட்டார். வீடியோவைக் காட்டினால் அவ்வளவுதான். இதை மாட்டிய அன்றைக்கே "என் வீட்டு வாசலில் எனக்கே காவலா?" என்று கேட்டவர். நாங்கள் பார்க்கக் கூடாது என்று அவர் அத்தனை பாடுபட்டு மறைத்த ஒன்றை, அவருக்குத் தெரியாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் வேறு என்னை வாயைத் திறக்க விடவில்லை.

நீ சொன்னால் கேட்பார். எப்போதுமே அப்படித்தான், அதில் எனக்குப் பொறாமை உண்டு என்று உனக்குத் தெரியும். காலையில் போன் செய், பேப்பர் படித்து முடித்திருப்பார். பேச்சைத் தொடங்க வழி சொல்கிறேன்: உன் வீட்டு பெல் தானாக அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேள். ஒத்தை டிங்கில் ஆரம்பித்துக் குறைந்தது அரைமணி நேரம் விளக்குவார். நடுவில் நீ போன வருஷம் படியேற முடியாமல் தவித்து டாக்டரிடம் போய் ஈசிஜி எடுத்த கதையைச் சொல். கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல், அது உனக்குப் புதுசா? "உங்களுக்கு எப்படி மாமா இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு. பதிலை அவர் சொல்லட்டும். ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற பேச்சு அவர் வாயில் வந்தாலே போதும், அடுத்த நாளே நான் கூட்டிப் போய்விடுவேன்.

கேமரா என்ற பேச்சையே எடுக்காதே. நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. பேசிய பிறகு எனக்கு எழுது. போன் வேண்டாம், நான் போன் எடுக்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருப்பார், யார் என்று கேட்டுப் பிடுங்கியும் கொள்வார். அவசரம் என்றால் ஆபீஸ் நேரத்தில் கூப்பிடு.

உன்,
மச்சான்