அந்த பைபாஸ் சாவியைக் கழற்றுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய பிளான்ட் மேனேஜர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். நீங்களும் நம் பக்கத்துக்காரர் என்பதால் இம்முறை தமிழில், நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

டொலுவீன் என்ற தீப்பற்றும் கரைப்பானின் டாங்க்கில், அளவு மிஞ்சினால் தானே வால்வை மூடும் ஹை லெவல் ட்ரிப் பொய்யாக இரண்டு தடவை வேலை செய்தது உண்மைதான். 'இந்த ஒரு ஷிஃப்டுக்கு மட்டும்' என்று சாவியைத் திருப்பி, ட்ரிப் வேலை செய்யாதபடி போட்ட பைபாஸுக்கு இன்று 41 நாள்.

செவ்வாய் இரவு மழை கொட்டியது. ட்ரிப் இல்லாததால் அரை மணிக்கொரு தரம் ஆள் டாங்க் மேல் ஏறி டிப் பார்க்க, அதாவது டேப்பை உள்ளே இறக்கி அளவு பார்க்க வேண்டும். ஏறியவர் நம் கான்ட்ராக்ட் அண்ணன், வயது 56. ஒரு கையில் டார்ச், மறு கையில் டிப் டேப். ஏணியைப் பிடிக்க மூன்றாவது கையை ஆண்டவன் கொடுக்கவில்லை. வழுக்கியவரின் முழங்கை கம்பியில் மாட்டிக்கொண்டதால் பிழைத்தார். மறுநாள் வர முடியவில்லை, சம்பளம் பிடித்துவிட்டீர்கள்.

டாங்க்கில் டொலுவீன் ஏறும்போது டிப் டேப் இறக்கக் கூடாது, நிலைமின்சாரத்தில் பொறி தட்டும் என்று பயிற்சியில் சொன்னதே நீங்கள்தான்! ட்ரிப் இருந்தால் எவரும் ஏறவே வேண்டாமே.

2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் பெட்ரோல் டாங்க்கின் அளவுமானி சிக்கி நின்றது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அது 14 தடவை அப்படி நின்றிருக்கிறது. கடைசிக் காவலான ஹை லெவல் ஸ்விட்சும் வேலை செய்யவில்லை; அதன் லீவரைப் பிடித்திருக்க வேண்டிய பூட்டு மாட்டப்படவில்லை. வழிந்த பெட்ரோல் ஆவியாய்ப் பரவி வெடித்தது. நம் மதிலுக்கு வெளியே தாணே - பேலாப்பூர் சாலை. இரவெல்லாம் ஜனம் போகிறது.

மார்ச் 4 பாதுகாப்பு தினத்தில் பேட்ஜ் குத்தி உறுதிமொழி எடுத்தோம், சமோசாவும் சாப்பிட்டோம். சமோசா நன்றாக இருந்தது. சென்சார் வாங்கத்தான் பட்ஜெட் இல்லையாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: பைபாஸைக் கழற்றுங்கள். பொய் ட்ரிப்தான் தொல்லை என்றால் மூன்று சென்சார் வையுங்கள். இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் வால்வு மூடட்டும். அதுவரை அந்த டாங்க்கில் டொலுவீன் ஏற்றாதீர்கள். இனி எந்த பைபாஸ் என்றாலும் எத்தனை மணி நேரம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அண்ணனிடம் பிடித்த ஒரு நாள் கூலியையும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பணிவுடன்,
இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவன்,
தாராவி, மும்பை